வாரணவாசியில் ஆளுக்கொரு கல்

(ஆசிரியர் பணியிடைப் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



கல்விச் சுற்றுலா என்றதும் நம் மனத்தில் வருவது எழும்பூர் அருங்காட்சியகம் அல்லது வண்டலூர். நான் பேச வந்தது அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தைப் பற்றி. சிறிய இடம்தான். வேகமாக நடந்தால் அரை மணியில் சுற்றி வந்துவிடலாம். "அங்கே என்ன சார் இருக்கு?" என்று சக ஆசிரியர்களே கேட்கிறார்கள். ஒரு கடலின் மிச்சம் இருக்கிறது.

ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியஸ் காலத்தில், இன்றைய அரியலூர், பெரம்பலூர் பகுதிகளில் கடல் ஏறி நின்றது. அதன் அடியில் படிந்த சுண்ணாம்பிலும் களியிலும் சிப்பிகள், கடல் முள்ளெலிகள், சுருள் ஓடு கொண்ட அம்மோனைட்டுகள் புதைந்தன. 1840களில் இங்கே சேகரித்த கற்கள் லண்டனுக்குப் போய், 1846இல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை விவரித்து எழுதினார். பின்னர் பிளான்ஃபோர்டும் ஸ்டோலிச்காவும் விரிவாக ஆராய்ந்தார்கள். ஊட்டத்தூர், அரியலூர் என்ற நம் ஊர்ப் பெயர்கள் இன்று உலகப் புவியியலில் பாறைத் தொகுதிகளின் பெயர்கள். நம் மாணவர்களுக்கோ அரியலூர் என்றால் சிமெண்ட், லாரி, புழுதி.

அருங்காட்சியகத்துக்குள் போனதும் பிள்ளைகள் நோட்டைத் திறந்து பெயர்ப்பலகைகளை எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். யார் சொன்னார்களோ தெரியாது, எல்லாப் பள்ளியிலும் இதே வழக்கம்தான். நான் நோட்டுகளை வாங்கி வைத்துவிட்டு, இரண்டு பேருக்கு ஒரு வெள்ளைத்தாள் கொடுத்தேன். கண்ணாடிப் பெட்டியில் ஒரே ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்து, பலகையைப் படிக்காமல் முதலில் வரைய வேண்டும். நேரம் ஒரு மணி. கால் மணிக்குள் முடித்துவிட்டு நின்றவர்களை "இன்னும் பாருங்க" என்று திருப்பி அனுப்பினேன்.

பலன் இரண்டாவது பார்வையில்தான் கிடைத்தது. ஒரு மாணவி, "சார், இந்தச் சுருள் மேல இலை நரம்பு மாதிரி கோடு இருக்கு, பக்கத்துல இருக்கிறதுல இல்ல" என்றாள். அம்மோனைட்டின் ஓடு பல அறைகளாகத் தடுக்கப்பட்டது. உயிர் வாழ்ந்தது கடைசி அறையில்; மற்றவை மிதப்பதற்கு. தடுப்புச் சுவர் ஓட்டைத் தொடும் இடமே அந்தக் கோடு. மேல் ஓடு தேய்ந்த கல்லில்தான் அது தெரியும். வீட்டுப் பூசையறையில் சாளக்கிராமம் பார்த்த பிள்ளைகள் உடனே அடையாளம் கண்டுகொண்டார்கள். கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமமும் அம்மோனைட்தானே.

இந்தப் பழக்கம் எதற்கு உதவும் என்று கேட்பீர்கள். 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டைக் கற்கள் கிடைத்தபோது, டைனோசர் முட்டை என்று கைப்பேசிகளில் படம் பறந்தது நினைவிருக்கும். வல்லுநர்கள் பார்த்துவிட்டு, அம்மோனைட்டைச் சுற்றிக் கனிமம் படிந்து இறுகிய உருண்டைகள் என்றார்கள். இந்தச் செய்தியை வகுப்பில் சொல்லி, "முட்டைதான் என்று சொல்ல எதைத் தேடுவீர்கள்?" என்று கேட்டேன். ஓடு தனி அடுக்காக இருக்கிறதா, அதில் நுண்துளைகள் உண்டா, உடைத்தால் நடுவில் என்ன என்று அவர்களே பட்டியலிட்டார்கள். டைனோசர் இல்லை என்று ஆனதில் சிலருக்கு வருத்தம்தான். எனக்கும் கொஞ்சம்.

திரும்பும் பேருந்தில் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகன் கேட்டான்: "அப்பா வெட்டுற கல்லுலயும் இது இருக்கும். அது அரைச்சா சிமெண்ட் ஆயிடுது. அப்ப எதை வச்சுக்கணும்னு யார் சார் பார்க்கிறாங்க?" சிமெண்ட்டால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது என்பது அவனுக்குத் தெரியும், தெரிந்துதான் கேட்டான். உடனே பதில் சொல்லி அந்தக் கேள்வியை அடக்கிவிட நான் விரும்பவில்லை.

காரையின் வெட்டவெளி நிலத்தில் எதையும் தோண்டவோ பொறுக்கவோ கூடாது என்று பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். ஏற்கெனவே வீட்டுத் திண்ணையிலும் மாடத்திலும் கிடப்பவற்றை மட்டும் கொண்டுவரலாம். எந்த ஊர், எந்த இடம், யார் எடுத்தது என்று சீட்டு ஒட்ட வேண்டும். கிடைத்த இடம் தெரியாத புதைபடிவம் ஆய்வாளருக்குப் பெரிதாக உதவாது. இப்போது எங்கள் வகுப்பு அலமாரியில் 11 கற்கள் இருக்கின்றன. மூன்றில் இடத்துக்கு நேரே 'தாத்தாவிடம் கேட்க வேண்டும்' என்று எழுதியிருக்கிறது.