அழிச்சாத்தான் அடுத்த படி: செல்லைப் பிரிக்கும் குட்டி நொதி

இன்னைக்கு எபிசோட்ல நாம பேசப்போறது ஒரு குட்டி நொதியைப் பத்தி. பேரு யூ.பி.இ.2.சி. பேரைக் கேட்டு பயந்துடாதீங்க. மொத்தமே 179 அமினோ அமிலங்கள்தான், புரதங்கள்ல இது சின்ன சைஸ். ஆனா நம்ம உடம்புல ஒரு செல் ரெண்டாப் பிரியணும்னா இது வேலை செய்யணும். இதே மனித நொதியை ஆய்வகத்துல பாக்டீரியாவை வெச்சுத் தயாரிச்சு, சின்னக் குப்பியில உறையவெச்சு விக்கிறாங்க. இது மருந்து இல்ல, யாருக்கும் ஊசி போட முடியாது. அப்புறம் எதுக்கு இதைக் காசு குடுத்து வாங்குறாங்க?

அதுக்கு முன்னாடி, 1982-க்குப் போவோம். அமெரிக்காவுல வுட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகம். அங்க டிம் ஹன்ட் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி கடல் முள்ளெலியின் முட்டைகளை வெச்சு ஒரு சோதனை பண்றார். கருவுற்ற முட்டை புதுசா என்னென்ன புரதங்களைத் தயாரிக்குதுன்னு பாக்குறதுதான் நோக்கம். எதிர்பார்த்த மாதிரியே பெரும்பாலான புரதங்கள் நேரம் ஆக ஆகக் கூடிக்கிட்டே போச்சு. ஒண்ணு மட்டும் கூடுது, செல் பிரியும்போது திடீர்னு காணாமப் போகுது, மறுபடி கூடுது, மறுபடி காணோம்! அதுக்குத்தான் சைக்ளின்னு பேர் வெச்சாங்க. 2001-ல நோபல் பரிசு பெற்ற மூணு பேர்ல ஹன்ட்டும் ஒருத்தர்.

கஷ்டப்பட்டுத் தயாரிச்ச புரதத்தை செல் எதுக்கு அழிக்கணும்? சும்மா ஆஃப் பண்ணி வெச்சா போதாதா? போதாது. ஆஃப் பண்ணின சுவிட்சை யாராவது திரும்ப ஆன் பண்ணிடலாம். அழிச்சுட்டா புதுசா தயாரிக்கணும், அதுக்கு நேரம் ஆகும். அதனால செல் பின்னாடி போக முடியாது. பாதி பிரிஞ்ச செல் "வேணாம், திரும்பிப் போறேன்"னு சொன்னா நம்ம கதி என்ன ஆகும், யோசிச்சுப் பாருங்க!

எதை அழிக்கணும்னு செல் எப்படி முடிவு பண்ணுது? ஒரு முத்திரை குத்தும். அந்த முத்திரைதான் யுபிக்விட்டின், 76 அமினோ அமிலங்கள் உள்ள குட்டிப் புரதம். மூணு பேர் கை மாத்தி மாத்திக் கொண்டுபோற வேலை இது. இ1 நொதி ஆற்றலைச் செலவு பண்ணி யுபிக்விட்டினை எடுக்கும். இ2 அதை வாங்கிச் சுமக்கும். இ3 "இந்தப் புரதம்தான்"னு ஆளை அடையாளம் காட்டும். முத்திரை விழுந்த புரதத்தை புரோட்டியசோம் துண்டு துண்டா வெட்டிடும், யுபிக்விட்டின் மட்டும் தப்பிச்சு மறுபடி வேலைக்கு வரும். இதைக் கண்டுபிடிச்ச சீகனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூணு பேருக்கும் 2004-ல வேதியியல் நோபல்.

நம்ம யூ.பி.இ.2.சி. ஒரு இ2. அதோட ஜோடி, ஏ.பி.சி. என்ற ரொம்பப் பெரிய இ3. ரெண்டும் சேர்ந்து சைக்ளினை அழிக்க அனுப்பும், செக்யூரினையும் அனுப்பும். இந்த செக்யூரின் யாரு? நகல் எடுத்த ஜோடிக் குரோமோசோம்களை ஒரு வளையம் கட்டிப் பிடிச்சிருக்கும். அதை வெட்டுற கத்தரிக்கோல் செப்பரேஸ். அந்தக் கத்தரிக்கோல் மேல இருக்கிற உறைதான் செக்யூரின். உறை போனா வளையம் அறும், குரோமோசோம்கள் ரெண்டு பக்கமும் போகும். சீக்கிரமே உறை கழண்டா? ஒரு செல்லுக்குக் குரோமோசோம் கூட, இன்னொண்ணுக்குக் குறைச்சல். அதனால எல்லாக் குரோமோசோமும் ஒழுங்கா இழைகள்ல மாட்டுற வரைக்கும் செல் ஏ.பி.சி.யைப் பிடிச்சு நிறுத்தி வெச்சிருக்கும்.

இப்ப குப்பிக்கு வருவோம். மனித செல்லுக்குள்ள இ2 நொதிகளே 30-க்கும் மேல. அந்தக் கூட்டத்துல யார் எதைச் செஞ்சாங்கன்னு பிரிச்சுப் பாக்குறது கஷ்டம். அதனால மனித மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள்ள வெச்சுத் தயாரிக்கிறாங்க. ஈ.கோலைகிட்ட யுபிக்விட்டின் அமைப்பே கிடையாது, அதனால வேற இ2 எதுவும் கூட ஒட்டிக்கிட்டு வராது. சுத்தமான நொதியை இ1, ஏ.பி.சி., யுபிக்விட்டின், ஆற்றலுக்கு ஏ.டி.பி. எல்லாத்தோடயும் சோதனைக் குழாய்ல கலந்தா, முத்திரை விழுறதை நேராப் பாக்கலாம். முதல் முத்திரையை நம்ம ஆள் குத்துறார், அதுமேல சங்கிலியை நீட்டுறது யூ.பி.இ.2.எஸ். என்ற இன்னொரு நொதி. இது தெளிவானது இந்த மாதிரிச் சோதனைகள்ல தான்.

1997-ல ஒரு அழகான சோதனை நடந்தது. இந்த நொதியில 114-வது இடத்துல சிஸ்டீன் இருக்கு, யுபிக்விட்டின் ஒட்டுற இடமே அதுதான். அதை செரீனா மாத்தினாங்க. வித்தியாசம் ஒரே ஒரு அணு, கந்தகத்துக்குப் பதிலா ஆக்சிஜன். அந்த நொதியைச் செல்லுக்குள்ள விட்டா, குரோமோசோம்கள் நடுவுல வரிசையா நின்னுடுச்சு. பிரியவே இல்ல!

அப்ப இது அதிகமானா? மார்பகம், பெருங்குடல், நுரையீரல்னு பல புற்றுநோய்கள்ல இந்த நொதி அதிகமா இருக்கு. ஆனா அவசரப்படக் கூடாது. வேகமாப் பிரியுற எந்தச் செல்லுலயும் இது அதிகமாத்தான் இருக்கும். அப்ப இது காரணமா, இல்ல வெறும் அடையாளமா? 2010-ல எலிகள்ல வேணும்னே இதை அதிகமாக்கிப் பாத்தாங்க. குரோமோசோம்கள் தப்பாப் பிரிஞ்சது, கட்டிகளும் வந்தது. அதாவது, அளவு கூடுறதே ஆபத்தாகலாம்.

போர்டெசோமிப்னு ஒரு மருந்து இருக்கு. மல்டிபிள் மையலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்கு 2003-ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது. அது வெட்டுற இயந்திரத்தையே, அதாவது புரோட்டியசோமையே, தடுக்கும். அதனால எல்லாப் புரதங்களோட அழிவும் பாதிக்கப்படும், கை கால் மரத்துப்போற மாதிரி பக்கவிளைவுகளும் வரும். கடைசி இயந்திரத்தை நிறுத்துறதுக்குப் பதிலா, முத்திரை குத்துற ஒரே ஆளை மட்டும் தடுக்க முடிஞ்சா? அந்த மாதிரி மூலக்கூறுகளைச் சோதிச்சுப் பாக்கத்தான் சுத்தமான நொதி வேணும். அந்தக் குப்பிக்கு ஏன் காசு குடுக்கிறாங்கன்னு இப்பப் புரிஞ்சிருக்கும்.

சந்தேகம் இருந்தா எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசுவோம்.