மலிவான காரும் மதிப்புமிக்க கைத்திறனும்



வெள்ளி விழாக் காணும் நம் கல்விக் கழகத்தின் மேடையில் கார்களைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். நம் தெருக்களில் கார் வைத்திருப்போர் சிலரே. பெரும்பாலோர்க்குப் பேருந்தே வாகனம். ஆயினும், ஓர் ஏழை நாடு தனக்கேற்ற விலையில் காரைத் தானே செய்யக் கற்ற வரலாறு, ஓர் ஏழைச் சமுதாயம் தலைநிமிர்வதற்கும் பாடமாக அமைகின்றது. அதனாலேயே இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

கார் என்பது ஒரு பொருளன்று. பல்லாயிரம் உறுப்புகளின் தொகுப்பு. அவ்வுறுப்புகளைப் பிற நாட்டிலிருந்து பெட்டிகளில் வரவழைத்து இங்கே பூட்டி ஓட்டிவிடுவது ஒன்று. அவற்றை இங்கேயே வார்த்து, கடைந்து, துளையிட்டு, தேய்த்துச் செய்வது மற்றொன்று. முன்னது பூட்டும் வேலை. பின்னது ஆக்கும் தொழில். இவ்வேறுபாடே நம் உரையின் உயிர்நாடி.

வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் போர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் நம் நாட்டில் கார்களைப் பூட்டி விற்றன. விடுதலைக்குப் பின், 1953ஆம் ஆண்டில் சுங்கவரி ஆணையம் ஒரு தெளிவான பரிந்துரையைச் செய்தது. படிப்படியாக உறுப்புகளை இங்கேயே செய்யும் திட்டம் உடையவர்களே தொழிலில் நீடிக்கலாம். வெறுமனே பூட்டி விற்போர் விலக வேண்டும் என்பதே அது. அவ்விரு நிறுவனங்களும் வெளியேறின. அம்பாசிடர், பியட், நம் சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஆகியவை எஞ்சி நின்றன.

இதனால் மலிவான கார் கிடைத்ததா என்றால், இல்லை. போட்டியற்ற சந்தையில் புதுமைக்கு இடமில்லாது போயிற்று. பணம் கட்டியவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். அம்பாசிடர் 1950களின் பிற்பகுதியில் பெற்ற உருவத்தைப் பெரிதும் மாற்றிக்கொள்ளாமலேயே 2014 வரை வாழ்ந்து மறைந்தது. பாதுகாப்பு மட்டும் போதாது. பாதுகாப்பின் நிழலில் இடைவிடாது கற்கவும் வேண்டும் என்பது முதற்பாடம்.

எனினும் அக்காலம் வீணாகிவிடவில்லை. எண்ணூரில் லாரிகளும், பாடியில் பிரேக்குகள், சக்கரங்கள், மின்கருவிகள் முதலியனவும் செய்யும் ஆலைகள் எழுந்தன. கிண்டியிலும் அம்பத்தூரிலும் தொழிற்பேட்டைகள் தோன்றின. கடைசல் பொறியில் நின்று, மயிரிழை அளவும் பிசகாமல் உருக்கைக் கடையும் கைகள் ஆயிரக்கணக்கில் உருவாயின. பிற்காலத்தில் உலகின் பெரிய கார் நிறுவனங்கள் சென்னையை நாடி வந்ததற்கு, துறைமுகமும் அரசின் சலுகைகளும் போலவே இக்கைகளும் ஒரு காரணமாகும்.

மலிவான கார் என்னும் கனவு நனவாகத் தொடங்கியது 1983ஆம் ஆண்டு திசம்பரில். அரசு நிறுவனமான மாருதி, ஜப்பானின் சுசுகியுடன் சேர்ந்து மாருதி 800 என்னும் சிறு காரை வெளியிட்டது. அதன் விலை ஏறத்தாழ ஐம்பதாயிரம் ரூபாய். அந்நிறுவனத்தைத் தொடக்கத்தில் வழிநடத்திய வி. கிருஷ்ணமூர்த்தி தஞ்சைத் தரணியின் கருவேலி என்னும் சிற்றூரிற் பிறந்து, மின்பொறியியலில் பட்டயப் படிப்புப் படித்து உயர்ந்தவர் என்பதை இளைஞர்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

தொடக்கத்தில் பெரும்பாலான உறுப்புகள் ஜப்பானிலிருந்தே வந்தன. 1985க்குப் பின் ஜப்பானிய நாணயமான யென்னின் மதிப்பு ஏறவே, இறக்குமதி உறுப்புகளின் விலையும் ஏறியது. மலிவான கார் மலிவாகவே நீடிக்க வேண்டுமாயின், அதன் உறுப்புகள் உள்நாட்டில் பிறந்தாக வேண்டும் என்பது கண்கூடாயிற்று. அரசின் நிபந்தனையும் அதுவே. ஆகவே சிறு தொழிலதிபர்களுக்குத் தொழில்நுட்பம் பெற்றுத் தந்து, சிலவற்றில் தானே பங்கு முதலீடும் செய்து, உறுப்புகள் செய்யும் ஆலைகளை மாருதி தன்னைச் சுற்றி வளர்த்தது.

தென்கொரியாவின் வரலாறும் இதையே உரைக்கின்றது. ஹூண்டாய் நிறுவனம் 1968இல் போர்டு காரைப் பூட்டும் வேலையுடனேயே தொடங்கியது. பின்னர் இத்தாலியரிடம் வடிவமைப்பையும், ஜப்பானியரிடம் எஞ்சின் நுட்பத்தையும், ஆங்கிலேயப் பொறியாளர் ஒருவரிடம் ஆலை நடத்தும் முறையையும் கற்று, 1975இல் போனி என்னும் தன் சொந்தக் காரைச் செய்யத் தொடங்கியது. பூட்டத் தொடங்கிய முப்பதாம் ஆண்டில், 1998இல், நம் இருங்காட்டுக்கோட்டையில் அதே நிறுவனம் கார் செய்து வெளியிட்டது. பிறரிடம் கற்பது இழிவன்று. கற்காமல் பூட்டிக்கொண்டே இருப்பதே இழிவு.

விலைக் குறைவு மட்டுமே வெற்றி தரும் என்பதும் பிழை. 2008இல் ஓர் இலட்ச ரூபாய்க் கார் என்று உலகமே வியக்க அறிவிக்கப்பட்ட டாட்டா நானோ, பத்தாண்டுகளில் உற்பத்தி நின்று மறைந்தது. மக்கள் மலிவை விரும்பினர். மலிவு என்னும் பெயரை விரும்பவில்லை. சிங்கூரில் நிலம் இழந்த உழவர்களின் எதிர்ப்பால் அதன் ஆலையே குசராத்திற்கு இடம்பெயர நேர்ந்தது. நிலத்தை நம்பி வாழ்வோரை மறந்து எழுப்பும் தொழிலுக்கு அடித்தளம் உறுதியாக இராது.

இனி நம்மைப் பற்றிய வினாவுக்கு வருவோம். திருப்பெரும்புதூரிலும் ஒரகடத்திலும் ஆலைகள் நிறைந்த இந்நாளில் நம் பிள்ளைகள் எங்கே நிற்கின்றனர்? பலர் ஒப்பந்தத் தொழிலாளராக, சுமை தூக்குவோராக, துப்புரவு செய்வோராக, ஆலைக்குள் இருந்தும் தொழிலுக்கு வெளியே நிற்கின்றனர். தனியார் துறையில் வேலைக்கு இடஒதுக்கீடு இல்லை. ஆனால் தொழிற்பழகுநர் சட்டம் என ஒன்று 1961 முதல் உள்ளது. 1973இல் செய்த திருத்தத்தின்படி, பழகுநர் இடங்களில் பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் ஒதுக்கீடு உண்டு. அது தனியார் ஆலைகளையும் கட்டுப்படுத்தும். முப்பது பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்கள் பழகுநரைச் சேர்த்தாக வேண்டும். இது வேலைக்கு உறுதிச்சீட்டு அன்று; தொழிலைக் கற்கும் உரிமை. அவ்வுரிமையை அறியாமல் ஆண்டுதோறும் எத்தனை இளைஞர்கள் பள்ளியிறுதிச் சான்றிதழுடன் வீட்டில் முடங்குகின்றனர்!

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தபோது தொழில்நுட்பப் பயிற்சியில் கொண்ட அக்கறை நாம் அறிந்ததே. சாதி வகுத்த தொழிலிலிருந்து விடுபட, அறிவு வகுத்த தொழிலே வழி என்பதை அவர் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது.

காலமும் மாறி வருகின்றது. மறைமலைநகரின் போர்டு ஆலை 2022இல் கார் உற்பத்தியை நிறுத்தியது. ஆலை நின்றாலும், கற்ற திறன் தொழிலாளியின் கையோடு சென்றது. கல்லாமல் நின்றவர்க்கோ கையிற் கொண்டுசெல்ல ஏதுமில்லை. 2025இல் தூத்துக்குடியில் வியட்நாம் நாட்டு நிறுவனமொன்று மின்கார்களைப் பூட்டத் தொடங்கியது. மின்காரில் எஞ்சினும் கியர்ப்பெட்டியும் கொண்ட பல உறுப்புகள் இல்லை. மின்கலமும் மின்னணுவியலுமே அதன் உயிர். பழைய திறன் சில தேய்ந்து, புதிய திறன்களுக்குத் தேவை எழும். புதிய பாடத்தில் யாவரும் முதல் வகுப்பு மாணவரே. இப்போது நாம் சேர்ந்தால் பிந்தியவர் ஆகமாட்டோம்.

ஆகவே, கழகத்தார்க்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம். ஒன்று, பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முடிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும், பெண்பிள்ளைகள் உட்பட, தொழிற்பயிற்சி நிலையம், பல்தொழில்நுட்பக் கல்லூரி, பழகுநர் பயிற்சி ஆகியவற்றின் வழிகளை எடுத்துக்கூறி விண்ணப்பம் நிரப்ப உதவும் ஒரு குழு வேண்டும். இரண்டு, பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை போதாமல் இடையில் நின்றுவிடும் பிள்ளைகளுக்கென்று ஒரு சிறு நிதி வேண்டும். மூன்று, ஆலைகளில் பணிபுரியும் நம் உறுப்பினர்கள் மாதம் ஒரு ஞாயிறு மாணவர்க்குத் தாம் அறிந்ததைக் கற்பிக்க வேண்டும்.

காரில் ஏறிச் செல்வது பெருமை என்பர் உலகோர். காரைச் செய்யத் தெரிந்திருப்பது அதனினும் பெருமை. அப்பெருமையில் நமக்குரிய பங்கை நம் பிள்ளைகள் எய்துமாறு உழைப்போம்.