ஒரே ஒரு கதவு

பிரபஞ்சத்தில் எங்கே பார்த்தாலும் ஹைட்ரஜன்தான். அதிலிருந்து பிறக்கும் மிக எளிய மூலக்கூறு அயனி ஒன்றைப் பற்றி இன்று பேசப்போகிறேன். மூன்று புரோட்டான்கள், அவற்றைப் பிணைக்க இரண்டே எலக்ட்ரான்கள். எச்-த்ரீ-பிளஸ் என்று பெயர். 1911-ல் ஜே.ஜே. தாம்சன் இதைக் கண்டறிந்தார். இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்ததே ஒழிய, எழுபது ஆண்டுகள் போல அதன் நிறமாலையை யாராலும் பதிவு செய்ய முடியவில்லை.

காரணம் அதன் வடிவம். மூன்று புரோட்டான்களும் சமபக்க முக்கோணமாக நிற்கின்றன. அந்தச் சமச்சீரால் நிலையான மின் இருமுனை இல்லை. ஆகவே வழக்கமான ரேடியோ அலை நிறமாலை கிடையாது. எலக்ட்ரான் மேல்நிலைக்குத் தாவினால் மூலக்கூறே உடைந்துவிடும். ஆகவே கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் அகப்படாது. மிச்சமிருப்பது ஒரு வழிதான். முக்கோணம் அதிரும்போது ஒரு பக்கம் நீண்டு வடிவம் கோணுகிறது. அந்த அதிர்வு, 4 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சும்.

கனடாவின் ஒட்டாவா நகரில் தகேஷி ஓகா அந்தக் கதவைத்தான் தட்டினார். அவருடைய கருவியைச் சொல்லியாக வேண்டும். ஆர்கான் லேசர் ஒன்று, சாய லேசர் ஒன்று. இரண்டின் ஒளியையும் லித்தியம் நயோபேட் படிகத்துக்குள் ஒன்றாகச் செலுத்தினால், அவற்றின் அதிர்வெண் வித்தியாசம் அகச்சிவப்புக் கதிராக வெளியே வரும். சாய லேசரின் நிறத்தை இம்மியளவு மாற்றினால் இந்தக் கதிரும் கூடவே நகரும். எதிரே, திரவ நைட்ரஜனால் குளிர்வித்த நீண்ட கண்ணாடிக் குழாய். உள்ளே ஹைட்ரஜனில் மின்சாரம் பாய்கிறது. குழாயில் நிறைந்திருப்பது சாதாரண ஹைட்ரஜன். நமக்கு வேண்டிய அயனியோ அதில் மிகச் சொற்பம். அதனால் கண்ணாடிகளை வைத்து, கதிரைக் குழாய்க்குள் திரும்பத் திரும்ப ஓடவிட்டார்.

1980-ல் நிறமாலைக் கோடுகள் தெரிந்தன. சீரான இடைவெளி இல்லாமல் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடந்த அவற்றைப் படித்து அர்த்தம் சொன்னவர் கோட்பாட்டாளர் ஜேம்ஸ் வாட்சன். டி.என்.ஏ. புகழ் வாட்சன் வேறு, இவர் வேறு.

மூன்றாண்டு கழித்து, பெர்க்லியில் ரிச்சர்ட் சேகலி குழுவினர் இன்னொரு அருமையான உத்தியைக் கொண்டுவந்தார்கள். குழாயின் மின்முனைகளை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை மாற்றிப்போட்டால், மின்னேற்றம் உள்ள அயனிகள் மட்டும் முன்னும் பின்னும் இழுபடும். டாப்ளர் விளைவால் அவற்றின் கோடுகளும் அதே தாளத்தில் அசையும். அந்தத் தாளத்தை மட்டும் கேட்கும்படி கருவியை அமைத்துவிட்டால், அசையாத நடுநிலை மூலக்கூறுகளின் சத்தம் பெரும்பாலும் அடங்கிப்போகும். அயனி ஆராய்ச்சியின் வேகமே அதன்பிறகு மாறியது.

ஆய்வகத்தில் அளந்த அந்தக் கோடுகள்தான் வானியலாளர்கள் கையில் முகவரியாயின. 1989-ல் வியாழனின் துருவ ஒளியில் இந்த அயனி தெரிந்தது. 1996-ல் தாமஸ் கெபாலும் ஓகாவும் விண்மீன்களுக்கு இடையே உள்ள அடர்ந்த மேகங்களில் கண்டார்கள். ஒரு புரோட்டானை மற்ற அணுக்களுக்குத் தானம் செய்து, தண்ணீர் உட்படப் பல மூலக்கூறுகளின் பிறப்பைத் தொடங்கிவைப்பது இதுவே என்று 1973 முதல் சொல்லிவந்த கணிப்புக்கு அது நேரடிச் சான்று. 1998-ல் அடர்த்தி குறைந்த மேகங்களிலும் எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தென்பட்டது. அங்கே காஸ்மிக் கதிர்கள் ஹைட்ரஜனை அயனியாக்கும் வேகத்தையே உயர்த்திக் கணக்கிட வேண்டியதாயிற்று.