ரிக்கற் வாங்காத பெரியவர்கள்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



"இசையும் இளைஞரும்" என்ற பொருள் பற்றிப் பேசும்படி செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். இசையைப் பற்றிப் பேசும் தகுதி எனக்கு இல்லை. சரளி வரிசைக்கு மேல் நான் போனதில்லை. அதுவும் வயலின் ஆசிரியரின் பொறுமை முடிந்துபோன காரணத்தால் அங்கேயே நின்றுவிட்டது. ஆனால் இசை கேட்கப் போவதைப் பற்றிச் சிறிது பேசலாம். கேட்கப் போய்க் கேளாமல் திரும்பியதைப் பற்றியோ வேண்டிய அளவு பேசலாம்.

யாழ்ப்பாணத்தில் ஒரு பெரிய இசை நிகழ்ச்சி. பாடகர் தமிழ்நாட்டிலிருந்து வருகிறார். ஊரையும் ஆளையும் நான் இதற்குமேல் குறிப்பிடப் போவதில்லை. நடத்தியவர்கள் நாளைக்கும் நிகழ்ச்சி நடத்துவார்கள், நானும் நாளைக்குப் போவேன். என் பெரியப்பா தம் வாழ்நாளில் ஒரு சினிமாப் பாடகரை நேரிற் கண்டவரல்லர். இளமையில் கோவலன் கூத்திலே பிற்பாட்டுப் பாடியவர். வயலில் தண்ணீர் கட்டும்போதும் ஏதாவது பாடிக்கொண்டே நிற்பார். அவரை எப்படியும் கூட்டிச் செல்வதென்று அக்காவும் நானும் தீர்மானித்தோம்.

ரிக்கற் இணையத்தில் விற்பனை. எங்கள் வீட்டின் பின்வளவிலே மாமரத்துக்குக் கீழே நின்றால் மட்டுமே கைத்தொலைபேசிக்கு ஒழுங்காக அலை கிடைக்கும். அக்காவின் வங்கி அட்டையை வைத்துக்கொண்டு நான் மரத்தடியில் நின்றேன். ஆசனத்தைத் தெரிவு செய்தால் "காலம் கடந்துவிட்டது" என்று வரும். மறுபடி தெரிவு செய்தால் அந்த ஆசனம் போய்விடும். நாலாம் தடவையில் மூன்று ரிக்கற் அகப்பட்டன. ஒன்று மூவாயிரம் ரூபாய், நாலாம் வரிசை, அடுத்தடுத்த கதிரைகள். அதற்குமேல் "சேவைக் கட்டணம்" என்று ஒன்று. மரத்தடியில் நின்று சேவை செய்தவன் நான். கட்டணம் யாருக்கோ போயிற்று.

மாங்குளத்திலிருந்து யாழ்ப்பாணம் தொண்ணூறு கிலோமீற்றருக்கு மேல். நண்பகல் பஸ்ஸில் ஏறினோம். பெரியப்பா வேட்டி சால்வையோடு, திருநீறு பூசி, கோயிலுக்குப் போவது போலவே வந்தார். ஐந்தரைக்கு வாசலில் நின்றோம். ஆறு மணிக்குத் தொடங்கும் என்று ரிக்கற்றிலே போட்டிருந்தது.

உள்ளே போனால் எங்கள் மூன்று கதிரைகளிலும் வெள்ளைக் காகிதம் ஒட்டியிருக்கிறது: "அழைக்கப்பட்டோருக்கு மட்டும்". நான் ரிக்கற்றைக் காட்டினேன். தொண்டர் பையனுக்கு என் வயதுதான் இருக்கும். பாவம், அவனுக்கும் ஒன்றும் தெரியாது. "அண்ணை, எனக்கு மேலிடத்தில இருந்து சொன்னது. கொஞ்சம் பின்னுக்கு இருங்கோ" என்றான். பெரியப்பா முன்னரே போய் அமர்ந்துவிட்டார். அவரை எழுப்ப வேண்டியதாயிற்று. அவர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் சால்வையை மடித்துக்கொண்டு எழுந்தார். அந்தச் சால்வை மடிப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

அழைக்கப்பட்டோர் ஏழேகாலுக்கு வந்தார்கள். ஓர் அரசியற் பெரியவர், அவருடைய பரிவாரம், பரிவாரத்தின் பிள்ளைகள். வாத்தியக்காரர் எழுந்து நிற்க, பெரியவருக்குப் பொன்னாடை. பின்னர் பேச்சு. நாற்பது நிமிடம் பேசினார். "வன்னிப் பிரதேச இளைஞர்களுக்கு இசையறிவை ஊட்டவேண்டிய கடமை எமக்குண்டு" என்றும் ஓரிடத்திலே சொன்னார். கோவலன் கூத்துக்குப் பிற்பாட்டுப் பாடிய மனிதர் கடைசி வரிசைக்கும் பின்னாலே நின்றபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சு முடிந்ததும் பெரியவர் எழுந்து போய்விட்டார். பரிவாரமும் போயிற்று. நாலாம் வரிசை வெறுமையாகக் கிடந்தது. காகிதம் மாத்திரம் கதிரைகளில் இருந்தது. எங்களை அங்கே விடவில்லை.

பாடகர் மேடைக்கு வரும்போது ஒன்பதரை. கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸில் தொற்றினால்தான் வீடு. மூன்று பாட்டுக் கேட்டோம். எழுந்தோம் என்று சொல்ல முடியாது, நின்றுதானே இருந்தோம். மூவாயிரத்துக்கு மூன்று பாட்டு, பாட்டொன்று ஆயிரம் ரூபாய். பஸ் நடத்துநர், இடைவழியில் இறங்குவோர் கொழும்புக்குரிய முழுக்காசும் தரவேண்டும் என்றார். கொடுத்தோம். வழியில் பெரியப்பா ஒன்றே ஒன்று சொன்னார்: "தம்பி, கோயில் எண்டால் எழும்பு எண்டு சொல்லியிருக்கமாட்டாங்கள்."

இதை ஒரு சொந்தக் குறையாக மட்டும் நான் இங்கே கொண்டுவரவில்லை. 2024 பெப்ரவரி 9ஆந் திகதி யாழ்ப்பாணம் முற்றவெளியில் பாடகர் ஹரிஹரனின் இசை நிகழ்ச்சி நடந்தது. தமன்னா முதலிய நட்சத்திரங்களும் வந்திருந்தார்கள். பணங்கட்டியவர்களுக்கு ஒரு பகுதி, இலவசமாக வந்தவர்களுக்கு வெகு பின்னால் ஒரு பகுதி, இரண்டுக்கும் நடுவே தடுப்பு. சனம் பெருகியது, பின்னால் நின்றவர்களுக்கு மேடை தெரியவில்லை, தடுப்பை உடைத்துக்கொண்டு முன்னே வந்தார்கள். நிகழ்ச்சி இடையில் நின்று, பிறகு தொடர்ந்தது. பணங்கட்டியவர்களும் வருந்தினார்கள், கட்டாதவர்களும் வருந்தினார்கள்.

மறுநாளிலிருந்து எங்கும் ஒரே பேச்சு: இளைஞருக்கு ஒழுக்கமில்லை, யாழ்ப்பாணத்தின் பண்பாடு போயிற்று. தடுப்பை உடைத்தது சரியென்று நான் வாதாட வரவில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான். மணியடித்தால் வரிசை, சாப்பாட்டுக்கு வரிசை, செபத்துக்கு வரிசை. சைவப் பிள்ளையாகிய நான் ஒலிவாழ்த்துப் பாடலுக்கும் வரிசையில் நின்றவன். வரிசை எனக்குப் பிடிக்கும். ஆனால் வரிசையில் ஒரு நம்பிக்கை இருக்கவேண்டும்: எனக்கு முன்னால் நிற்பவன் எனக்கு முன்னால் வந்தவன் என்ற நம்பிக்கை. அது போனபின் ஒழுக்கம் கற்பிப்பவர்கள் பக்கத்து வாசலால் உள்ளே போனவர்களாகவே இருக்கிறார்கள்.

அன்றைக்கு யாழ்ப்பாண மாநகரசபையிலே தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர் ஒருவரேனும் இல்லை என்பதையும் யாரும் நினைவுகூரவில்லை. நாடு முழுவதும் உள்ளூர்ச் சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. பணமில்லையென்று தேர்தல் தள்ளிப்போய் 2025 மே 6ஆந் திகதிதான் நடந்தது. வட மாகாணசபையின் காலமோ 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடக்காமலே ஆண்டுகள் பல கழிந்தன. சபைகளில் ஆளில்லாத அந்தக் காலத்திலும் மேடைகளின் முன்வரிசையில் ஆள் குறைந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

இந்தத் துன்பம் எங்களுக்கு மட்டுமுரியதன்று. 2023 செப்டம்பர் 10ஆந் திகதி சென்னை பனையூரில் ஏ. ஆர். ரகுமானின் "மறக்குமா நெஞ்சம்" நிகழ்ச்சி. ஓகஸ்டிலே மழையால் தள்ளிப்போனது அது. அனுமதிக்கப்பட்ட தொகைக்கு எவ்வளவோ மேலான சனம் வந்தது. கையில் ரிக்கற் வைத்திருந்தவர்களே வாசலோடு திரும்பினார்கள். பெண்களும் பிள்ளைகளும் நெரிசலில் அகப்பட்டார்கள். உள்ளே வரமுடியாதவர்கள் ரிக்கற் பிரதியை அனுப்பினால் ஆவன செய்வதாக ரகுமான் அறிவித்தார். அன்றைய தினம் முதலமைச்சர் ஸ்டாலினுடைய வாகனமும் அந்தக் கிழக்குக் கடற்கரைச் சாலை நெரிசலிலே அகப்பட்டுக்கொண்டது. சில நாட்களுக்குள் பொலிஸ் உயரதிகாரிகள் இருவர் இடம் மாற்றப்பட்டார்கள். இரண்டுக்கும் சம்பந்தமுண்டென்று நான் சொல்லவில்லை. ஒரு பெரியவர் எங்கள் நெரிசலில் அரைமணி நேரம் நிற்பது நாட்டுக்கு நல்லது என்று மட்டும் எனக்குத் தோன்றியது.

அமெரிக்காவைப் பாருங்கள். 2022 நவம்பரில் ரெயிலர் சுவிஃப்ற் என்ற பாடகியின் ரிக்கற் விற்பனை தொடங்கியதும் ரிக்கற்மாஸ்ரர் கம்பெனியின் இணையத்தளம் தடுமாறி நின்றது. பொது விற்பனையையே கைவிட்டார்கள். 2023 ஜனவரியில் செனற் சபைக் குழு கம்பெனிக்காரரை அழைத்து விசாரித்தது. அங்கேயும் வேடிக்கை: செனற்றர்மார் சிலர் அந்தப் பாடகியின் பாட்டடிகளைத் தங்கள் கேள்விகளுக்குள்ளே பொருத்திப் பேசினார்கள். பேரப்பிள்ளைகளிடம் கேட்டு எழுதி வந்திருப்பார்கள் போலும். சிரித்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும்: ரிக்கற் வாங்க முடியாமற் போனது ஒரு பொதுக் குறை என்று எண்ணி ஒரு சபை கூடிற்று. 2024 மேயில் அந்நாட்டு நீதித் திணைக்களம் அக்கம்பெனிமீது வழக்கும் தொடுத்தது.

எங்கள் பெரியவர்களுக்கு எது பொதுக் குறையாகத் தோன்றுகிறது? யாழ்ப்பாணத்தில் இந்தியாவின் நன்கொடையாக ஒரு பண்பாட்டு மையம் எழுந்தது. பதினொரு மாடிக் கோபுரம்; அறுநூறு பேருக்கு மேல் அமரக்கூடிய மண்டபம். 2025 ஜனவரியில் அதற்குத் திருவள்ளுவர் பெயரைச் சூட்டினார்கள். யாழ்ப்பாணம் என்ற ஊர்ப் பெயர் எங்கே போயிற்று, பெயர்ப் பலகையில் தமிழ் ஏன் மூன்றாமிடத்தில் என்று பெரிய வாக்குவாதம் எழுந்தது. கேட்கவேண்டிய கேள்விதான், எனக்கும் கோபம் வந்தது. ஊர்ப் பெயரும் பிறகு சேர்ந்தது. ஆனால் அந்த மண்டபத்தில் இரவு ஒன்பது மணிக்கு ஒரு கச்சேரி முடிந்தால் மாங்குளத்தானும் ஒட்டுசுட்டானும் துணுக்காயும் எப்படி வீடு போவது என்று அந்த வாக்குவாதத்தில் ஒருவரும் கேட்டதாக நான் காணவில்லை. காரிலே போகிறவர்களுக்கு அந்தக் கேள்வி எழாது. பெயர்ப்பலகையைக் காரிலிருந்தும் வாசிக்கலாம்.

பெரியப்பா கோயிலைச் சொன்னார். வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலன்று மணலிலே குந்தியிருந்து கேட்கும் இசைக்கு ரிக்கற் இல்லை, பொன்னாடைக்காகக் காத்திருப்பதும் இல்லை. உண்மை. ஆனால் சங்கப் பெரியோர்கள் பொறுக்கவேண்டும்: 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே உள்ளே போகும் உரிமைக்காகச் சனம் நின்றது இதே எங்கள் மண்ணில்தான். அவர்களிடம் ரிக்கற் கேட்கப்படவில்லை. அதைவிடப் பெரியது கேட்கப்பட்டது. ஆகையால் "பழைய காலம் பொற்காலம்" என்று முடித்துவிட எனக்கு மனமில்லை. வாசலில் ஆளைப் பார்ப்பது எங்களுக்குப் பழைய பழக்கம்.

செய்யக்கூடியது என்ன? புதிய சட்டமொன்றும் வேண்டாம். 1946ஆம் ஆண்டின் களியாட்ட வரிக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. நுழைவுச்சீட்டின்மீது வரி அறவிட உள்ளூர்ச் சபைக்கு அதிகாரம் உண்டு. வரி வாங்குபவனுக்கு எத்தனை ரிக்கற் என்று தெரியும். ரிக்கற்றை எண்ணுகிறவன் கதிரையையும் எண்ணலாமே! விற்ற கதிரையில் காகிதம் ஒட்டியவனிடம் அந்தக் காசைத் திருப்பிக் கொடு என்று சொல்லலாமே! தொடங்கும் நேரம் போலவே முடியும் நேரத்தையும் ரிக்கற்றில் அச்சிடும்படி கேட்கலாம். முடியும் நேரத்துக்கு வவுனியா வரை ஒரு பஸ் விடும்படி டிப்போவுக்கு ஒரு கடிதம் எழுதலாம். இப்போது சபைகளில் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களிற் சிலர் எமது சங்கத்துக்கும் வருவார்கள்; வரும்போது கேளுங்கள். நான் கேட்டேன். ஒருவர் மிக அன்பாகக் கேட்டுவிட்டு, "தம்பி, எந்த நிகழ்ச்சி எண்டு சொல்லியிருந்தால் நான் பாஸ் எடுத்துத் தந்திருப்பேனே" என்றார். நல்ல மனிதர்; கேலிக்குச் சொல்லவில்லை. அவருக்கு நான் கேட்டது விளங்கவே இல்லை.

இனிச் சொல்லப்போவது எங்கள் வீட்டு விஷயம். சென்ற வாணி விழாவுக்கு நாங்கள் முன்வரிசையில் நாலு சோபா போட்டோம். நடனமாட வந்த சிறுமிகள் நாலு மணிக்கே சலங்கை கட்டி, மைதீட்டி நின்றார்கள். பிரதம விருந்தினர் ஆறேகாலுக்கு வந்தார். ஒரு குழந்தை பசியால் அழுது மையெல்லாம் கன்னத்தில் வழிந்தது. பன்னீர்ச்செம்பு பிடித்துக்கொண்டு வாசலில் நின்றவன் நான். அதை அப்போது ஒரு பெருமையாகவே நினைத்தேன். காகிதம் ஒட்டிய அந்தத் தொண்டர் பையனை நான் கோபிக்காமல் விட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

செயலாளரிடம் ஒரு பிரேரணை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த விழாவுக்குச் சோபா வேண்டாம். குறித்த நேரத்துக்குத் திரை எழும்பட்டும். விருந்தினர் பிந்தினால் வந்த இடத்தில் இருக்கட்டும். பேச்சு ஐந்து நிமிடம். சோபாவைக் கொடுத்துதவும் கடைக்காரர் எமது பொருளாளரின் மைத்துனர் என்பதை அறிவேன். அதையும் ஆலோசித்தே எழுதியிருக்கிறேன். பொதுக் கூட்டத்தில் ஆதரித்துக் கை தூக்குங்கள், அல்லது எதிர்த்துப் பேசுங்கள்.

பெரியப்பாவை விழாவுக்கு வரும்படி கேட்டேன். கூத்துப்பாட்டு இரண்டு பாடும்படியும் கேட்டேன். பாடுவது பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வருவதென்றால் தம்முடைய பாயைத் தாமே கொண்டுவருவாராம்.