கணக்குக் கேட்போம்



வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில் ஒன்றைச் சிந்திக்க வேண்டுகிறோம். 2019 செப்டம்பரில், 5, 8 ஆம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு உண்டு எனத் தமிழக அரசு அறிவித்தது. எதிர்ப்பு வலுத்தது, 2020 பிப்ரவரி 4 அன்று அறிவிப்பைக் கைவிட்டது. ஆயினும் 2024 டிசம்பரில் மத்திய அரசு விதிகளைத் திருத்தி, அவ்வகுப்புகளில் மறுதேர்விலும் தவறுவோரை நிறுத்திவைக்க வழிவகுத்தது. தமிழ்நாடு அதனை ஏற்கவில்லை.

பள்ளி கணக்குக் காட்டவேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. எந்தக் கணக்கு என்பதே கேள்வி. தேர்ச்சி விழுக்காடு ஒன்றே அளவுகோலானால், தேறாத பிள்ளை அதனைக் குறைப்பான். ஒன்பதாம் வகுப்போடு மாற்றுச் சான்றிதழ் பெற்று வெளியேறிய பிள்ளை குறைக்கமாட்டான். அவ்வாறு வெளியேறுவோர் யார்? பெரும்பாலும் நம் சேரிப் பிள்ளைகளே அன்றோ?

நமது புதுக்கோட்டை மாவட்டமே வேறு வழி காட்டியது. 1991 இல் எழுந்த அறிவொளி இயக்கம், விடுபட்டோரை அவர்தம் குடியிருப்புகளுக்கே தேடிச் சென்றது. கல்லுடைக்கும் பெண்கள் எழுத்தறிந்தனர், மிதிவண்டியும் பழகினர். எவரையும் கழித்து அக்கணக்கு எழுதப்படவில்லை.

ஆகவே இளைஞர்களே, பள்ளி மேலாண்மைக் குழுக்களில் சென்று அமருங்கள். எத்தனைபேர் தேறினர் என்பதற்கு முன், முதல் வகுப்பில் சேர்ந்தோரில் எத்தனைபேர் இன்றும் பயில்கின்றனர் என்று கேளுங்கள். ஆசிரியர் பணியிடங்கள் நிரம்பினவா, கழிப்பறையில் தண்ணீர் உண்டா என்று கேளுங்கள். பிள்ளையிடம் கேட்பதற்கு முன் அரசிடம் கேட்கவேண்டிய கணக்கு அது.