நாக்கட்டு: அறிதலும் தீர்த்தலும்

 

கம்பம் பள்ளத்தாக்கில், உத்தமபாளையத்துப் பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பெற்றுள்ளன. அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டில் அச்சணந்தி முனிவரின் பெயர் காணப்படுகிறது. அம்முனிவர் வழிவந்த அறம் உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி என நால்வகைத் தானங்களை வகுத்துரைக்கிறது. மருந்துத் தானம் என்பது மருந்தை வாங்கித் தருவது மட்டுமன்று. உரிய காலத்தில் உரிய செய்தியை ஒரு தாய்க்குச் சொல்வதும் அத்தானமே. அத்தகைய செய்தி ஒன்றே இவ்வுரையின் பொருள்.

நாவின் அடிப்புறத்தை வாயின் தரையோடு இணைக்கும் மெல்லிய சவ்வு எல்லார்க்கும் உண்டு. சிலர்க்குப் பிறவியிலேயே அது குறுகியோ தடித்தோ நுனிவரை நீண்டோ நாவின் அசைவைத் தடுக்கும். இதனையே நாக்கட்டு என்கிறோம். ஆண் குழந்தைகளிடம் இது மிகுதி. சில குடும்பங்களில் வழிவழியாகவும் வரும். முன்வினைப் பயன் என்று வாளாவிருப்பதும், தாய் கருவுற்றிருந்தபோது செய்த பிழை என்று பழிப்பதும் அறியாமையாகும்.

முதல் அடையாளம் பால் குடிப்பதில் தெரியும். குழந்தை மார்பைப் பற்ற இயலாமல் நழுவும், குடிக்கும்போது 'டக் டக்' என்னும் ஓசை எழும், நெடுநேரம் குடித்தும் பசி தீராது, எடை ஏறாது. தாய்க்கோ காம்பில் வெடிப்பும் தாங்கொணா வலியும் உண்டாகும். விடியுமுன் ஜீப்பேறிக் குமுளி, போடிமெட்டு வழியே ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்கள் வாழும் மாவட்டம் தேனி. அத்தகைய தாய் 'பால் போதவில்லை' எனக் கருதிப் புட்டிப்பாலுக்கு மாறிவிடுதல் எளிது. குறை பாலில் அன்று, பற்றுதலில் இருக்கலாம் என்று ஒருவர் சொன்னால் அக்குழந்தைக்குத் தாய்ப்பால் கிட்டும்.

வளர்ந்த குழந்தையின் நாவை நீட்டச் சொன்னால், நுனி நடுவில் பிளவுற்று இதய வடிவாய்த் தோன்றும். கீழுதட்டைக் கடந்து நீளாது; மேற்பல்லின் பின்புறத்தைத் தொடாது. நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் எழுத்துகளின் பிறப்பைக் கூறுமிடத்து, ட, ண, த, ந, ர, ழ, ற, ன ஆகியவற்றுக்கு நாநுனியின் முயற்சியைக் காட்டுகிறார். க, ங அடிநாவாலும் ப, ம இதழாலும் பிறப்பன. ஆதலின் நாக்கட்டுடைய பிள்ளை 'மாமா', 'காக்கா' எனத் தெளிவாகச் சொல்லி, 'மரம்', 'பழம்' என்பவற்றில் இடர்ப்படக்கூடும்.

எனினும் இங்கு எச்சரிக்கை தேவை. ழகரமும் றகரமும் எல்லாக் குழந்தைகளுக்கும் காலந்தாழ்ந்தே கைகூடும். நாக்கட்டு இருந்தும் நன்கு பேசுவோர் பலர். பேச்சே வராத குழந்தைக்கு நாவைக் குறைகூறுமுன் செவித்திறனைச் சோதித்தல் வேண்டும். திக்குவாய்க்கும் நாக்கட்டுக்கும் தொடர்பில்லை.

நாக்கட்டு உள்ள அனைவர்க்கும் அறுவை வேண்டியதில்லை. முதலில் குழந்தையை மார்பில் அணைக்கும் முறையைத் திருத்திப் பார்ப்பர். அதனாலும் தீராவிடில், பச்சிளங் குழந்தைக்கு மருத்துவர் அச்சவ்வைச் சிறிதே கத்தரிப்பார். சில நொடிகளில் முடியும். சில துளிக் குருதியே கசியும். உடனே பால் கொடுக்கலாம். குடும்பத்தில் குருதி உறையாக் குறை இருப்பின் முன்னரே சொல்லிவிட வேண்டும். சற்று வளர்ந்தோர்க்கு மயக்க மருந்தளித்துச் சவ்வை நீக்கித் தையலிடுவர். பின்னர் நாப்பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் தேவைப்படலாம். உண்டபின் பல்லிடுக்கை நாவால் துழாவ இயலாமலும், நாகசுரம் போன்ற கருவிகளை வாசிக்க இயலாமலும் வருந்தும் பெரியோரும் தயங்காது மருத்துவரை நாடலாம். க.விலக்கில் அமைந்த தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவையும் காது மூக்கு தொண்டைப் பிரிவையும் அணுகலாம்.

வீட்டில் நகத்தாலோ பிளேடாலோ கீறுதல் கூடவே கூடாது. நாவின் அடியில் குருதிக் குழாய்களும் உமிழ்நீர் நாளங்களும் உள்ளன. பேச்சு வரும் என நம்பித் தேன் தடவும் வழக்கமும் விடத்தக்கது. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் கொடிய நச்சுநோயைத் தரலாம் என மருத்துவம் விலக்குகிறது; நம் அறமோ தேனை எந்த அகவையிலும் விலக்கியுள்ளது.

'அறுப்பது இம்சை ஆகாதோ?' எனச் சிலர் ஐயுறலாம். நோய் தீர்க்கும் கருணையோடு செய்யும் செயலில் இம்சை எண்ணம் இல்லை. குழறிப் பேசும் பிள்ளையைப் போலச் செய்து நகைப்பதிலேயே இம்சை உள்ளது. ஐவகைச் சமிதிகளுள் பாஷா சமிதி பேச்சில் விழிப்போடிருக்கப் பணிக்கிறது. வகுப்பில் எழுந்து படிக்க அஞ்சி வாய்மூடி அமரும் பிள்ளை, கற்கும் ஆர்வத்தையும் இழக்கக்கூடும்.

ஆகவே, இல்லந்தோறும் குழந்தை பிறந்தவுடன் அதன் நாவையும் பார்க்கச் சொல்லுங்கள். ஐயம் எழுந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். திருநாமத்தை வாயாரச் சொல்லும் பேறு எல்லாப் பிள்ளைகளுக்கும் வாய்ப்பதாக.