போர்ட்டரின் குளிர் விடட்டும்

போர்ட்டர் பியரில் வெனிலா, தேங்காய், சாக்லேட் என்று எதையாவது சேர்ப்பதே இப்போது நாகரிகம். சேர்க்காமலே அந்த மணங்களைத் தரக்கூடிய பியருக்கு இந்த ஒப்பனை எதற்கு? முளைகட்டி உலர்த்திய பார்லிதான் மால்ட்; போர்ட்டருக்கு அதில் ஒரு பங்கைக் கறுக்க வறுக்கிறார்கள். காப்பியும் கோக்கோவும் கருப்பட்டியும் நாக்குக்கு ஞாபகம் வருவது அந்த வறுப்பினால்தான். போர்ட்டரின் ருசி வறுப்பின் ருசி.

லண்டன் தெருக்களிலும் தேம்ஸ் துறைகளிலும் சுமை தூக்கியவர்களால் 18-ஆம் நூற்றாண்டில் வந்த பெயர் போர்ட்டர். 1817இல் டேனியல் வீலர் உருளை வறுப்பானுக்குக் காப்புரிமை பெற்றார். காப்பிக்கொட்டையை உருட்டி வறுப்பதுபோல் மால்ட்டைக் கறுக்க வறுத்தது அது. வெளிர் மால்ட்டோடு அந்தக் கறுத்த மால்ட்டில் ஒரு பிடி சேர்த்தால் நிறம் வந்துவிடும். அதனால், அதுவரை நிறம் தந்துவந்த பழைய பழுப்பு மால்ட்டின் பங்கு பல ஆலைகளில் குறைந்தது.

அந்தப் பழுப்பு மால்ட்டின் அருமையை அறிய ஃபுல்லர்ஸ் லண்டன் போர்ட்டரைக் குடிக்க வேண்டும். லண்டனின் சிஸ்விக் பகுதியில் காய்ச்சப்படுவது, ஆல்கஹால் 5.4 சதவீதம். பழுப்பு மால்ட்டோடு கிரிஸ்டல் மால்ட், சாக்லேட் மால்ட், ஃபகிள்ஸ் ஹாப்ஸ். பெயரில்தான் சாக்லேட், அதுவும் வறுத்த பார்லியே. கோப்பையை வெளிச்சத்தில் பிடித்தால் விளிம்பில் மாணிக்கச் சிவப்பு தெரியும். அப்போதுதான் அரைத்த காப்பித்தூள் மணம் முதலில் எழும், பிறகு கோக்கோ. விழுங்கிய பின் தொண்டையில் தங்குவது மெல்லிய, உலர்ந்த கசப்பு.

ஆனால் குளிர் விட வேண்டும். இந்த உரையை நிகழ்த்துபவர் முதன்முறை அதைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு குடித்தார். தீய்ந்த கசப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை; பாதிக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டார். அரைமணி நேரம் கழித்து எடுத்தபோது அது வேறு பானம். அன்றிலிருந்து பத்து முதல் பதின்மூன்று டிகிரி என்பதே அவருடைய கணக்கு. மறுபடியும் சொல்லலாம்: குளிர் விடட்டும்.

பக்கத்தில் வைத்து ஒப்பிடப் போலந்தின் ஜிவியெட்ஸ் போர்ட்டர் நல்லது. 9.5 சதவீதம். லாகர் ஈஸ்டில், குளிரில் மெல்ல நொதிப்பது. உலர்பழ இனிப்பும் நெஞ்சில் இறங்கும் சூடும் உண்டு. இலங்கையின் லயன் ஸ்டவுட்டையும் வரிசையில் சேர்க்கலாம். ஸ்டவுட் என்பதே தொடக்கத்தில் திடமான போர்ட்டருக்கு வந்த பெயர். ஆங்கிலேய பியர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் லயன் ஸ்டவுட்டை மனமாரப் புகழ்ந்திருக்கிறார்; அதன் கருப்பட்டிப் பாகு போன்ற கனம் அதற்குத் தகுதியானதே.

லேசானதை முதலில் சுவைக்க வேண்டும், திடமானதைப் பிறகு. நடுவே ஒரு மிடறு தண்ணீர், ஒரு துண்டு வெறும் ரொட்டி. மிடறுகள் சிறிதாக இருக்கட்டும்.

மூன்றில் முதலிடம் ஃபுல்லர்ஸுக்கே. குறைந்த ஆல்கஹாலில், எந்த வாசனைச் சரக்கும் சேர்க்காமல், வறுத்த தானியத்தின் அத்தனை படிகளையும் காட்டுவது அந்த ஒன்றுதான்.